கல்லும் செடியும் – 9: மகிழ மரத்தடி ஜாடி

இலங்கையில் பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரியை ஒட்டி இருக்கிறது லுணுகங்கா. 1948-ல் ஜெஃப்ரி பாவா வாங்கியபோது அது ரப்பர் தோட்டம். அப்போது அவர் வழக்கறிஞர். கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றதே 1957-ல்தான். 2003-ல் காலமானார். இடைப்பட்ட அரை நூற்றாண்டும் அந்த மண்ணை வெட்டியும் நிரப்பியும் செதுக்கிக்கொண்டே இருந்தார். ஈழத்து அலரிக் கிளைகளில் கனத்தைக் கட்டித் தொங்கவிட்டு, தான் நினைத்த பக்கம் வளைத்தார். அவருக்கு மரமும் சிற்பம்தான்.

தோட்டத்தில் சிலைகள் பல உண்டு. ஏரிக்கரையில் லக்கி சேனாநாயக்க வடித்த சிறுத்தை ஒன்று நீரைப் பார்த்துப் படுத்திருக்கிறது. ஆனாலும் தோட்டம் போட நினைப்பவர்கள் பாடம் கேட்க வேண்டியது ஒரு ஜாடியிடம்.

வீட்டின் தெற்கே நின்று பார்த்தால் புல்வெளி மெல்ல மேலேறிக் கறுவாக் குன்றாகிறது. உச்சியில் கிளை பரப்பிய மகிழ மரம். அதன் நிழலில் பெரிய சீன ஜாடி. அதைத் தாண்டி ஏரி நீர். அதற்கும் அப்பால், தொலைவில், கட்டகுலிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். ஏரி தெரிவதற்காகக் குன்றின் தலையையே தணித்தார் பாவா. நடுவே போகும் ஊர்ப் பாதை, வீட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாதபடி பள்ளத்தில் மறைகிறது.

அந்த ஜாடி இல்லையென்றால் என்ன ஆகும்? புல், மரம், தண்ணீர், வானம் எல்லாம் ஒரே பச்சையாய்க் கலந்துபோகும். எது எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. மனிதர் கைபட்ட பொருள் ஒன்று நடுவில் இருக்கும்போது, பார்வை அங்கே தங்கி, அளவெடுத்துக்கொண்டு, பிறகு தாதுகோபம் வரை போகிறது. வேறொருவர் கட்டிய விகாரை இவர் தோட்டத்தின் எல்லையாகிவிடுகிறது. இதே ஜாடியோடு பத்துப் பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தால் பார்வை அங்கேயே சிக்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே, பொருளை வாங்குவதற்கு முன் இடத்தைத் தேடுங்கள். அதே உயரத்துக்கு ஒரு கழியை நட்டு, நீங்கள் தினமும் உட்காரும் ஜன்னலிலிருந்து காலையிலும் மாலையிலும் பாருங்கள். பார்வை கழியைத் தாண்டிப் போகிறதா, முட்டி நிற்கிறதா? முட்டினால் இடத்தை மாற்றுங்கள்.

கொழும்பில் பாவா வாழ்ந்த வீட்டில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. இடிபட்ட வீட்டுத் தூணுக்கு இப்படி ஒரு மறுவாழ்வு கிடைப்பது நல்லது என்றே நினைக்கிறேன். கோயில் சிற்பம் அப்படியல்ல. பாழடைந்த சந்நிதியிலிருந்து பெயர்த்த தெய்வத்தைப் புல்வெளியில் அலங்காரமாக நிறுத்துவதை என்னால் ஏற்கவே முடியாது. சட்டமும் கண்டிப்பானது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டைக் கடந்த கற்சிற்பம் வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். விற்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பழமையான சிலை என்று சொல்லி யாராவது விற்க வந்தால், முதலில் இந்தக் காகிதங்களைக் கேளுங்கள். கருங்கல்லில் ஆசை இருந்தால் மாமல்லபுரத்துச் சிற்பிகளிடம் புதிதாகச் செய்யச் சொல்லலாம். மழையும் வெயிலும் சில ஆண்டுகளில் அதையும் தோட்டத்துக்கு உரியதாக்கிவிடும்.

அடுத்த வாரம் சண்டிகர்: உடைந்த வளையலையும் ஓட்டையும் சிலையாக்கிய நேக் சந்தின் பாறைத் தோட்டம்.