ஆர்க்டிக் பறவைகளும் கிராஞ்சிச் சேறும்

வடதுருவ நாடுகள் கூடிப் பேசும் ஆர்க்டிக் மன்றத்தில், பூமத்தியரேகையை ஒட்டிக் கிடக்கும் சிங்கப்பூருக்கு 2013 முதல் பார்வையாளர் இடம் உண்டு. கப்பல் வழி, கடல்மட்ட உயர்வு என்று அதற்குக் காரணங்கள் சொல்வார்கள். அவற்றைவிடப் பழைய காரணம் ஒன்று கிராஞ்சிக் கரைச் சேற்றில் இரை பொறுக்குகிறது.

சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் குஞ்சு பொரிக்கும் பொன்னிற உப்புக்கொத்தி, வடக்கே குளிர் இறங்கியதும் தெற்கே கிளம்பிவிடும். அதோடு பவளக்காலி, கோட்டான், பல வகை உள்ளான்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை இவற்றைக் கிராஞ்சியை ஒட்டிய சுங்கை பூலோ ஈரநிலத்தில் பார்க்கலாம். சில இங்கேயே தங்கும். சில தின்று கொழுத்து ஆஸ்திரேலியா வரை போகும்.

சுங்கை பூலோ முன்பு இறால் குளங்கள் இருந்த இடம். கடல் ஏறும்போது மதகைத் திறந்து நீரை உள்ளே விடுவார்கள். வடியும்போது வலையில் இறால் சிக்கும். 1986-இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் அங்கே பறவைக் கூட்டங்களைக் கண்டு, இடத்தைக் காக்கும்படி அரசிடம் கேட்டார்கள். 1989-இல் 87 ஹெக்டர் ஒதுக்கப்பட்டது; 1993 டிசம்பரில் பூங்கா திறந்தது; 2002-இல் 130 ஹெக்டர் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட ஈரநிலம் ஆனது. 'காட்டு நிலம்' என்றால் கைபடாத நிலம் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். குளங்களின் நீர்மட்டத்தை இன்றும் ஆட்கள்தான் சரிசெய்கிறார்கள். கடல் ஏறிய நேரத்திலும் பறவைகள் நிற்கக் கொஞ்சம் சேறு வெளியே தெரியவேண்டுமே!

ஆனால் இதில் ஒரு குறை நெடுநாள் இருந்தது. பறவைகள் இங்கே ஓய்வெடுக்கின்றன. நீர் வடிந்ததும் புழுவும் சிறு நண்டும் தேடிப் பக்கத்திலுள்ள மண்டாய்ச் சேற்றுத்திட்டுக்குப் பறக்கின்றன. கடல் ஏறி மண்டாய் மூழ்கினால் திரும்பிவிடும். படுக்குமிடத்தைக் காத்துவிட்டு உண்ணுமிடத்தை விட்டுவைத்தோம். மண்டாயில் 72.8 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாகும் என்று அரசு அறிவித்தது 2018-இல்தான். முப்பது ஆண்டு தாமதம். என்றாலும் மிக நல்ல முடிவு.

உண்ணுமிடம் பறிபோவது எப்படியிருக்கும் என்பதற்கு மஞ்சள் கடலைப் பாருங்கள். வலசைப் பறவைகள் இறங்கி இரையெடுக்கும் அந்தக் கரைகளில், ஏறத்தாழ அரை நூற்றாண்டில் சேற்றுத்திட்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு வரை போய்விட்டது. தென்கொரியாவின் சேமங்கம் கழிமுகத்தை 2006-இல் 33 கிலோமீட்டர் கடற்சுவர் அடைத்தது. வழியில் ஒரு நிறுத்தம் போனாலும் சைபீரியாவில் கூடுகள் குறையும். சைபீரியாவில் மட்டும் வேலி போட்டு இந்தப் பறவைகளைக் காக்க முடியாது. 2017-இல் ஆர்க்டிக் வலசைப் பறவைகள் குறித்த பயிலரங்கு சிங்கப்பூரில் நடந்ததற்கும் இதுவே காரணம்.

லிட்டில் இந்தியாவிலிருந்து போவது எளிது: தோபி காட்டில் ரயில் மாறிக் கிராஞ்சியில் இறங்குங்கள், அங்கிருந்து 925 பேருந்து. அனுமதி இலவசம். கடல் ஏறும் நேரம் பார்த்துப் போனால் பறவைகள் குளங்களில் நெருங்கி நிற்கும். பாதையை விட்டு இறங்காதீர்கள், தீனி போடாதீர்கள்.