வலது இதயத்தின் சுமை

கிளினிக்கில் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். 120/80 என்று வந்தால் நிம்மதியாக எழுந்து வந்துவிடுகிறோம். ஆனால், அந்த எண்கள் உடலெங்கும் இரத்தம் செலுத்தும் இடது இதயத்தின் கணக்கு மட்டுமே. நுரையீரலுக்குச் செல்லும் குழாய்களில் அழுத்தம் ஏறியிருந்தால் அந்தப் பட்டைக்கு அது தெரியாது. நுரையீரல் உயர் இரத்த அழுத்தம் என்னும் நோய் பலரிடம் ஆண்டுக்கணக்கில் மறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதயம் ஒரு பம்பு என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் அது ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள். ஓய்வாக இருக்கும்போது வலது கீழறை நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது கீழறை அதே அளவை உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. அளவு ஒன்று, உழைப்பு வேறு. இடது அறைக்கு 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தேவை. பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலின் குழாய்கள் எளிதில் விரிந்து கொடுப்பவை. அவற்றுக்கு 25 போதும். ஆகவேதான் இடது சுவர் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிப்பு; வலது சுவர் அதில் மூன்றில் ஒரு பங்கு.

நுரையீரல் தமனிகள் குறுகினாலும், இரத்தக்கட்டிகளால் அடைபட்டாலும், இடது இதயக் கோளாறால் இரத்தம் தேங்கினாலும் சுமை விழுவது இந்த மெல்லிய சுவரின்மேல்தான். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 25ஐ எட்டினால் நோய் என்பது 1973ஆம் ஆண்டு ஜெனிவா கூட்டத்திலிருந்து வந்த வரையறை. 2018ஆம் ஆண்டு உலக மாநாட்டில் அந்த எல்லை 20க்கு இறக்கப்பட்டது.

அழுத்தம் மெல்ல ஏறினால், எடை தூக்குபவரின் புயம்போல வலது சுவர் தடித்துச் சமாளிக்கும். ஆனால் அங்கேதான் சிக்கல். தடித்த தசைக்குக் கூடுதல் இரத்தம் வேண்டும். உள்ளே ஏறிய அழுத்தமோ அத்தசைக்கு வரும் இரத்தத்தையே குறைக்கிறது. களைத்துப்போன அறை பலூன்போல விரிகிறது. நடுச்சுவர் இடப்பக்கம் தள்ளப்பட, குறை ஏதுமில்லாத இடது அறைக்கும் நிரம்ப இடம் போதவில்லை. வேகமாக நடக்கும்போது சிலர் மயங்கி விழுவது இதனால்தான். விரிந்த அறையின் வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது, கல்லீரல் பெருக்கிறது, கால் வீங்குகிறது. கோளாறு தொடங்கியது நுரையீரல் குழாயில். ஆனால் நோயாளியின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்வது வலது இதயம் எவ்வளவு தாங்குகிறது என்பதே.

இதில் என்னை வியக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. கருவில் இருக்கும்போது இரு கீழறைச் சுவர்களும் ஏறக்குறைய ஒரே தடிப்பு. பிறந்து மூச்சுவிட்ட பிறகுதான், வேலை குறைந்து வலது சுவர் மெலிகிறது. இதயத்தில் பெரிய துளையுடன் பிறந்து, அதனால் இந்நோய் கண்டவர்களிடம் அந்தத் தடிப்பு மறையாமலே நிற்பதுண்டு. இடையில் நோய் வந்தவர்களைவிட அவர்களின் வலது இதயம் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கிறது.

விரிவுரைக்கு மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால் "பயிற்சி இல்லை, உடம்பு போட்டுவிட்டது" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் காரணம் தெரியாமல் வரும் வகை இளம் வயதினரையும் தாக்கும், பெண்களையே அதிகம். சில மாதங்களுக்கு முன் எளிதாக ஏறிய படியில் இன்று பாதியில் நிற்க வேண்டியிருந்தால் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். எக்கோ பரிசோதனை ஐயத்தைக் காட்டும். வலது இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளப்பது அதை உறுதி செய்யும்.

முற்றிய நிலையில் சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை செய்கிறார்கள். பல நேரங்களில் இதயத்தை மாற்றுவதில்லை. புதிய நுரையீரலில் அழுத்தம் இறங்கியதும், விரிந்து கிடந்த வலது அறை சில மாதங்களில் மீண்டும் சுருங்கி வேலைக்குத் திரும்புகிறது.