காலில் கட்டிக்கொண்ட ஐஸ்

தென் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் ஓர் இன்லைன் ஹாக்கி அரங்குக்குள் நுழைகிறோம். ஐஸ் ஹாக்கியையே ஐஸ் இல்லாத தரையில், வரிசைச் சக்கர ஸ்கேட்டில் ஆடுவதுதான் இன்லைன் ஹாக்கி. உடை மாற்றும் அறையில் எல்லோரும் ஸ்கேட் லேஸை இழுத்துக் கட்டியபடி அரட்டையில் இருப்பார்கள். அவர்களைத் தாண்டி நேரே அறைக் கோடிக்கு வாருங்கள். மலைபோல ஒரு பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் கோல்கீப்பர். நமக்கு வேண்டியவர் அவரே!

பை திறந்ததும் வெளியே வருவதைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல், உபரி லேஸ், வெல்க்ரோ பட்டைகள், ஈரத்துணி, ரகரகமாய்ச் சக்கரங்கள். கடைசியில் வருகின்றன இரண்டு பிரமாண்டமான கால் பேடுகள். முன்பக்கம் எல்லா ஹாக்கி பேடுகளையும் போலத்தான். ஆனால் உள்பக்க விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். முழங்கால் தரையில் படுகிற இடத்தில் வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் தகடு. கெண்டைக்காலை ஒட்டி நீளமாக இன்னொன்று. விரலால் தடவினால் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. இதைக் காட்டத்தான் உங்களை இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன்!

இந்தத் தகடு எதற்கு? அது புரிய, கோல்கீப்பர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். ஐஸ் ஹாக்கி கோலின் அகலம் 6 அடி, உயரம் 4 அடி. பந்துக்குப் பதிலாக வருவது பக் என்னும் ரப்பர் வட்டு. பெரும்பாலும் தாழ்வாகத்தான் வரும். அதனால் கோல்கீப்பர் சட்டென்று இரண்டு முழங்காலையும் தரையில் போட்டு, முழங்காலுக்குக் கீழே கால்களை இருபுறமும் விரித்துவிடுவார். பேடுகள் படுத்துக்கொண்டு தரையோரம் ஒரு சுவர் எழும்பும். பட்டாம்பூச்சி சிறகை விரித்தாற்போல் இருப்பதால் இதன் பெயர் பட்டர்ஃபிளை. 1955 முதல் 1962 வரை என்.எச்.எல். என்னும் ஐஸ் ஹாக்கி லீக்கில் தொடர்ச்சியாக 502 ஆட்டங்களில் கோல் காத்த கிளென் ஹால் இதற்கு முன்னோடி. 1986-ல் மான்ட்ரியல் அணி அந்த லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது 20 வயதே ஆன பேட்ரிக் ருவா அதைப் பெரிய அளவில் பரப்பினார். அவருக்குப் பின் வந்த தலைமுறையே முழங்காலில் வளர்ந்தது என்று சொல்லலாம்.

விழுவது பாதி வேலைதான். விழுந்த கோலத்திலேயே ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குப் போக வேண்டும். எதிரணிக்காரர் குறுக்கே பக்கைத் தட்டிவிட்டால் எழுந்து ஓட நேரம் ஏது? ஒரு காலை மட்டும் தூக்கி, ஸ்கேட்டைத் தரையில் ஊன்றி ஓர் உந்து உந்துவார். மற்ற முழங்காலும் பேடும் தரையோடு வழுக்கிக்கொண்டு போகும். சுவரே நகர்ந்து போவதுபோல் இருக்கும். ஹாக்கியில் எனக்கு இதைவிட அழகான காட்சி இல்லை.

ஐஸ் மேல் இது நடப்பதன் ரகசியம் தரைக்குள்ளேயே இருக்கிறது. மைனஸ் 5 டிகிரியை ஒட்டிக் குளிரவைத்த, ஏறக்குறைய ஓர் அங்குலக் கனமுள்ள ஐஸ். அவ்வளவு குளிரிலும் அதன் மேற்பரப்பில் நீர்போலத் தளர்ந்த, மிக மெல்லிய ஒரு படலம் உண்டு என்று மைக்கேல் ஃபாரடே 1850-லேயே சொல்லிவிட்டார். உராய்வில் பிறக்கும் சூடும் சேர்ந்துகொள்ள, பேடு வழுக்குகிறது. ஆனால் உந்துவதற்கு வழுக்கினால் ஆகாதே, பிடிக்க வேண்டுமே? அதற்குத்தான் ஸ்கேட்டின் எஃகு பிளேடு. அடிப்பக்கத்தை நடுவில் குழிவாகத் தீட்டியிருப்பார்கள். இருபுறமும் இரண்டு கூரிய விளிம்புகள். உள்விளிம்பைச் சாய்த்து அழுத்தினால் ஐஸைக் கிழித்துக்கொண்டு உறுதியாக நிற்கும். ஒரே தரை, ஒரே நொடி! எஃகுக்குப் பிடிப்பும் கொடுக்கிறது, பேடுக்கு வழுக்கலும் கொடுக்கிறது. இப்படியொரு தாராளமான தரை வேறெங்கே உண்டு?

இப்போது நம் இன்லைன் அரங்கின் தரையைக் குனிந்து தொட்டுப் பாருங்கள். சதுரம் சதுரமான பிளாஸ்டிக் ஓடுகளை ஒன்றோடொன்று கோத்துப் பரப்பியிருக்கிறார்கள். இதன் மேல் ஓடுவது யூரித்தேன் சக்கரம். சக்கரத்துக்குத் தரையைக் கிழிக்கத் தெரியாது, பற்றத்தான் தெரியும். எனவே தரை நன்றாகப் பற்ற வேண்டும். இல்லையென்றால் திருப்பத்தில் ஆட்டக்காரர்கள் சரிந்துவிடுவார்கள். ஆனால் கோல்கீப்பரின் பேடுக்கோ அதே தரை வழுக்க வேண்டும். பேடின் மேலுறை செயற்கைத் தோல். வேகமாக மோதி அழுந்தும்போது அது பிளாஸ்டிக் ஓட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். உந்தியவரின் உடம்பு முன்னே போகும், முழங்கால் அங்கேயே நிற்கும். இடுப்பும் முழங்கால் மூட்டும் அந்தத் திருகலைத் தாங்கியாக வேண்டும். சிமென்ட் தரையில் ஆடினால் பேடின் விளிம்புத் தையலே தேய்ந்து பிரிந்துவிடும்.

கேரம் ஆடும்போது ஸ்டிரைக்கர் ஓடவில்லையென்றால் பலகையில் பவுடர் தூவுவோம். இங்கே தரையில் எதையும் தூவ முடியாது, சக்கரக்காரர்கள் அத்தனை பேரும் விழுந்துவிடுவார்கள். ஆகவே பலகையை விட்டுவிட்டு ஸ்டிரைக்கரை வழுக்கவைக்க வேண்டியதாயிற்று. ஐஸ் கொடுக்கும் வழுக்கலை இன்லைன் கோல்கீப்பர் தன் காலில் கட்டிக்கொண்டு வருகிறார். அந்தத் தகடுகளின் கதை இதுதான்!

தகட்டைக் கொஞ்சம் கையில் வாங்கிப் பார்ப்போம், தருவார். பாலித்தீன் குடும்பத்தில் அடர்த்தியான ரகம். தேயாது, தண்ணீர் குடிக்காது, வழுவழுப்புக்குப் பேர்போனது. கடையில் இதற்கென்றே செய்த ஸ்லைடு பிளேட்டுகள் கிடைக்கின்றன. சமையலறையில் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை அறுத்து, ஓரம் தேய்த்து, தாங்களே செய்துகொள்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நேரம் போவதே தெரியாது. எந்த இடத்தில் துளை போட்டார்கள், எத்தனை மில்லிமீட்டர் கனம், எந்தப் பக்கம் வளைத்தார்கள் என்று கண்கள் மின்னச் சொல்வார்கள்.

ஓரத்தைத் தேய்ப்பதில்தான் சூட்சுமம். ஓடுகள் கோத்த தரையில் இணைப்புகள் உண்டு. தகட்டின் விளிம்பு செங்குத்தாக இருந்தால் ஏதாவதோர் இணைப்பில் தட்டி நின்றுவிடும். அதனால் முன்னும் பின்னும் மெல்ல மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். கனமும் முக்கியம். பட்டர்ஃபிளையில் பேடின் அகலம்தான் சுவரின் உயரமாகிறது. ஒவ்வோர் அங்குலமும் கணக்குதான். என்.எச்.எல். 2005-ல் பேடின் அகலத்தை 12 அங்குலத்திலிருந்து 11 ஆகக் குறைத்தபோது கோல்கீப்பர்கள் எவ்வளவு கவலைப்பட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். தகடு அந்தச் சுவருக்குக் கொஞ்சம் உயரம் கூட்டும், நல்லதுதான். ஆனால் முழங்காலில் மட்டும் தடித்த தகட்டை வைத்தால் பேடு சாய்ந்து, பாதத்துப் பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்தச் சந்தில் பக் நுழைந்தால் தீர்ந்தது. அதனால் முழங்காலிலிருந்து கீழே வரை எடை சமமாக உட்காரும்படி தகடுகளைப் பொருத்த வேண்டும்.

பொருத்துவதில் இரண்டு கட்சி. வெல்க்ரோ கட்சிக்காரர்கள், ஐஸுக்குப் போகும்போது சட்டென்று கழற்றிவிடலாம் என்பார்கள். லேஸ் கட்சிக்காரர்கள், வேர்வையிலும் இழுப்பிலும் வெல்க்ரோ பிய்ந்துவிடும் என்பார்கள். நான் லேஸ் கட்சி. ஆட்டத்தின் நடுவில் ஒரு தகடு மட்டும் கழன்றால் ஒரு கால் வழுக்கும், மறு கால் ஒட்டும். அதைவிட ஆபத்து வேறில்லை. தகடே வேண்டாமென்று வழுக்கும் துணியுறையை மாட்டுகிறவர்களும், விளிம்பில் சிலிக்கோன் அடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சிலிக்கோன் எனக்குப் பிடிக்காத வேலை. அது பேடோடு நிற்காமல் தரையில் படிந்து, அடுத்து அங்கே வருகிற சக்கரத்துக்கு வினையாகிவிடும்.

இன்னொரு வேடிக்கை, பக்கைக் காட்டச் சொல்லுங்கள்! ஐஸ் ஹாக்கி பக் வெறும் கெட்டி ரப்பர். 3 அங்குல விட்டம், 1 அங்குலக் கனம், 156 முதல் 170 கிராம் எடை. ஆட்டத்துக்கு முன்னால் அதை உறையவைத்துக் கொண்டுவருவார்கள், இல்லையென்றால் துள்ளும். இன்லைன் பக் அதைவிட லேசானது. இரண்டு முகத்திலும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் குமிழ்கள் மட்டுமே தரையைத் தொடும். கோல்கீப்பரின் காலில் இருக்கும் அதே தந்திரம்! தடுக்கிறவரும் தடுக்கப்படுவதும் ஒரே உபாயத்தோடு மோதுகிறார்கள் என்பதை முதன்முதலில் கவனித்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

சக்கரங்களுக்கு வருவோம். ஐஸில் உந்துகிற வேலையைச் செய்த அந்தக் கூரிய விளிம்பு இங்கே இல்லை. காலை அதிகமாகச் சாய்த்தால் சக்கரம் தரையை விட்டு விலகி, அதைத் தாங்கும் சட்டமோ பூட்ஸின் ஓரமோ தரையில் உரசும். உந்து விசை அங்கேயே வீண். எனவே கோல்கீப்பர்கள் பொதுவாகச் சின்னச் சக்கரங்களை, தாழ்வான சட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். தரைக்குப் பக்கத்தில் நின்றால் விழுகிற தூரமும் குறைவு, சாய்க்கவும் இடம் கிடைக்கும். பிடிப்புக்காக மென்மையான சக்கரம் போடுவார்கள். சிலர் ஒரே ஸ்கேட்டில் மென்மையும் கடினமுமாகக் கலந்து மாட்டுவார்கள். பையில் அத்தனை ரகம் ஏன் என்று இப்போது தெரிகிறதா?

அந்த மென்மையான சக்கரமே படுத்த பிறகு எதிரியாகிவிடும். பட்டர்ஃபிளையில் பாதத்தின் முன்சக்கரம் தரையைத் தொட்டால் போதும், பிரேக் போட்டதுபோல் ஆகும். முழங்கால் தகடு எவ்வளவு வழுக்கினாலும் பயனில்லை. ஆகவே பேடின் நுனியையும் ஸ்கேட்டையும் இணைக்கும் கயிற்றைச் சரியான நீளத்தில் கட்ட வேண்டும். சக்கரம் தரையைத் தொடாமல் அது பாதத்தைப் பிடித்துவைக்கும். ஐஸில் இந்தக் கயிற்றைப் பிளேடு தாங்கியின் துளையில் கோத்துவிட்டு மறந்துவிடலாம். இங்கே கொஞ்சம் தொங்கினாலும் சுழலும் சக்கரம் அதை அறுத்துப் போடும். உபரி லேஸுக்கும் விடை கிடைத்ததா!

நின்றபடி நகர்வதிலும் பெரிய வித்தியாசம். ஐஸ்காரர் பக்கைப் பார்த்தபடியே பக்கவாட்டில் அங்குலம் அங்குலமாக நகர்வார். ஒரு காலால் உந்த, முன்கால் பிளேடு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். சக்கரம் பக்கவாட்டில் போகாது. இன்லைன்காரர் ஒவ்வொரு முறையும் பாதத்தைத் துளி தூக்கி வைத்துத்தான் போக வேண்டும். அந்த நொடியில் ஒரு காலில் நிற்கிறார். எதிரணிக்காரர் காத்திருப்பதும் அந்த நொடிக்குத்தான். இன்லைனில் கோல்கீப்பர் தவிர அணிக்கு நான்கே ஆட்டக்காரர்கள், ஐஸில் உள்ளதைவிட ஒருவர் குறைவு. ஐஸ் ஹாக்கியில் களத்தைப் பிரிக்கும் நீலக்கோடுகளும் இங்கே இல்லை. விரிந்த வெளியில் குறுக்குப் பாஸ்கள் பறக்கின்றன. அதிகம் வழுக்கி ஓட வேண்டிய ஆட்டத்தில் வழுக்குவது அதிகக் கடினம்! இன்லைன் கோல்கீப்பர்கள் மேல் எனக்குள்ள மரியாதைக்கு இதுவே காரணம்.

இந்த ஆட்டம் அவ்வளவு பழையதும் அல்ல. ஐஸ் இல்லாத மாதங்களில் பயிற்சி செய்ய, மினியாபொலிஸ் நகரத்து ஓல்சன் சகோதரர்கள் வரிசைச் சக்கர ஸ்கேட்டைச் செம்மைப்படுத்தினார்கள். ரோலர்பிளேடு நிறுவனம் அப்படிப் பிறந்தது. 1993-ல் ரோலர் ஹாக்கி இன்டர்நேஷனல் என்ற தொழில்முறை லீக் தொடங்கியது. முதல் பட்டம் இதே ஆரஞ்சு கவுண்டியின் அனஹைம் புல்ஃபிராக்ஸ் அணிக்கு. 1992-ல் டாம்பா பே அணிக்காக என்.எச்.எல். பயிற்சி ஆட்டத்தில் கோல் காத்த முதல் பெண்ணாக வரலாறு படைத்த மனோன் ரேயோம் இந்தச் சக்கர லீக்கிலும் ஆடியவர்.

மணி அடிக்கப் போகிறது, களத்தோரம் வாருங்கள். ஐஸ் கோல்கீப்பர் களமிறங்கியதும் கோல் முன்னே குறுக்கும் நெடுக்குமாகப் பிளேடால் சுரண்டுவார். கண்ணாடிபோல் மெழுகிய ஐஸைச் சற்றுச் சொரசொரப்பாக்கினால்தான் உந்தப் பிடி கிடைக்கும். அந்த மெழுகும் இயந்திரத்தை 1949-ல் ஃபிராங்க் சாம்போனி உருவாக்கியது இங்கிருந்து அதிக தூரமில்லாத பாரமவுன்ட் நகரில்தான். இன்லைன் கோல்கீப்பருக்குச் சுரண்ட ஒன்றுமில்லை. ஈரத்துணியை எடுத்துச் சக்கரங்களைத் துடைக்கிறார். தூசி படிந்தால் பிடி போய்விடும். பிறகு முழங்காலில் விழுந்து இடமும் வலமுமாக ஒருமுறை வழுக்கிப் பார்க்கிறார். தகடு ஓட்டின் மேல் சடசடவென்று சத்தமிடுகிறது. ஐஸில் கேட்கும் மெல்லிய சர்ரென்ற ஓசை இங்கே கிடையாது.

இரண்டிலும் ஆடுகிறவர்களைப் பார்ப்பதுதான் உச்சகட்ட ஆனந்தம். இன்லைனில் பழகியவர் ஐஸுக்குப் போனால் பழைய பலத்தோடு உந்துவார். ஐஸ் அதை அப்படியே வாங்கிக்கொண்டு கம்பத்தையும் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடும். பாதி பலத்தில் உந்தவும், கம்பத்தருகே பிளேடைச் சாய்த்து நிறுத்தவும் பழக வேண்டும். ஐஸில் வளர்ந்தவர் ஓட்டுத்தரைக்கு வந்தாலோ, முதல் உந்திலேயே முழங்கால் நின்று, உடம்பு மட்டும் முன்னே சாய்ந்து கையை ஊன்றுவார். அப்போது அறைக் கோடியிலிருந்து யாராவது ஒருவர் தன் உபரித் தகடுகளை எடுத்துவந்து, மண்டியிட்டு, அவர் பேடில் கோத்துக் கட்டிவிடுவார். அடுத்த உந்தில் அவர் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை சடசடவென்று போய் நிற்பார். அப்போது அவர் போடுகிற கூச்சலை நீங்கள் கேட்க வேண்டும்!