மணலுக்குள் ஒரு நீச்சல்

கடற்கரை மணலில் சிறிது தொலைவு நடந்தாலே கால்கள் ஓய்ந்துவிடுகின்றன. மணற்குன்றின்மீது ஏற முயன்றால், ஏறிய தூரத்தில் பாதி மீண்டும் கீழே சரிந்து விடுகிறது. காரணம் என்ன? மணல் இரட்டைக் குணம் கொண்டது. அசையாதிருக்கும்வரை திடப்பொருளைப்போல் பாரத்தைத் தாங்கும். ஓர் அளவுக்குமேல் அழுத்தினாலோ திரவத்தைப்போல் ஓடத் தொடங்கும். மனிதனை இடறச் செய்யும் இக்குணத்தையே தமக்குத் துணையாக்கிக்கொண்ட உயிரினங்கள் சில உண்டு.

மணல்மீன் என்னும் அரணை

வட ஆப்பிரிக்காவின் சகாரா பாலைவனத்தில் ஒருவகை அரணை வாழ்கிறது. ஒரு சாண் நீளமும் இராத அதற்கு 'மணல்மீன்' என்பது பெயர். ஆபத்து நேர்ந்தால் நொடிப்பொழுதில் மணலுக்குள் பாய்ந்து மறைந்துவிடும். உள்ளே அது கால்களால் துழாவிச் செல்கிறதா, உடலை நெளித்துச் செல்கிறதா? வெளியே நின்று பார்ப்பவர்களால் விடை கூற இயலாது.

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேனியல் கோல்ட்மன் குழுவினர், அதிவேக எக்ஸ்-கதிர்ப் படங்களின் வாயிலாக அதனைக் கண்டறிந்து 2009-ஆம் ஆண்டு வெளியிட்டனர். மணலுள் புகுந்ததும் அரணை தன் கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்கிறது. பின்னர் தலை முதல் வால் வரை அலை அலையாக நெளிந்து, மீனைப்போல் நீந்துகிறது! விரைந்து செல்ல வேண்டுமாயின் இன்னும் வேகமாக நெளிகிறது.

இந்நெளிவு அதனை எவ்வாறு முன்னே தள்ளுகிறது? ஒரு குச்சியை மணலில் நீளவாக்கில் இழுத்தால் எளிதாக வரும். குறுக்கே இழுத்தால் மிகுதியாக எதிர்க்கும். அரணையின் உடலும் நெளியும்போது பக்கவாட்டில் மணலை உந்துகிறது. அங்கே எழும் வலிய எதிர்ப்பே அதனை முன்னோக்கிச் செலுத்துகிறது. நீரில் துடுப்பை நிறுத்திய பின்னும் ஓடம் சற்றுத் தூரம் மிதந்து செல்லும். மணலிலோ உராய்வு மிகுதி. நெளிவு நின்றால் ஓட்டமும் அக்கணமே நின்றுவிடும்.

சரிவில் ஏறும் விரியன்

அமெரிக்கப் பாலைவனங்களில் பக்கவாட்டில் ஊர்ந்து செல்லும் கிலுகிலுப்பை விரியன் ஒன்று உண்டு. சரியும் மணல்மேட்டிலும் அது வழுக்காமல் ஏறுகிறது. இதன் இரகசியத்தை, கோல்ட்மன் குழுவினரும் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தாரும் அட்லாண்டா உயிரியல் பூங்காவினரும் இணைந்து 2014-இல் வெளியிட்டனர். சரிவு கூடக்கூட, பாம்பு தன் உடலின் அதிக நீளத்தை மணலில் படியவைக்கிறது. பாரம் பரவுவதால் மணல் உடைந்து ஓடாமல் தாங்கி நிற்கிறது.

கார்னகி மெல்லன் அறிஞர்கள் செய்த பாம்பு இயந்திரம் ஒன்று அதற்குமுன் மணற்சரிவில் ஏற முடியாமல் திணறியது. விரியனின் இவ்வழியைப் பின்பற்றச் செய்தபின் அதுவும் ஏறியது.

இது வெறும் வேடிக்கை ஆராய்ச்சியன்று. 2017 செப்டம்பரில் மெக்சிகோ நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, அதே பல்கலைக்கழகத்தின் பாம்பு இயந்திரம் ஒன்று இடிந்த கட்டடத்தின் இடுக்குகளுக்குள் செலுத்தப்பட்டது. மனிதர் நுழைய முடியாத இடங்களின் படங்களை அது அனுப்பியது. உயிருடன் எவரையும் அன்று அது கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் முயற்சி நின்றுவிடவில்லை. இடிபாடும் மணலைப்போன்றதே, முரட்டுத்தனமாக அழுத்தினால் சரிந்து, அடியில் இருப்பவரின் உயிரையே பறித்துவிடும். எங்கே அழுத்த வேண்டும், எங்கே இலேசாகப் படிய வேண்டும் என்று அறிந்த இயந்திரமே அங்கே பயன்படும். அப்பாடத்தை அறிஞர்கள் பாலைவனத்து அரணையிடமும் விரியனிடமும் பயின்று வருகிறார்கள்.