சும்மா சுற்றும் ஆயில்

டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. முன்னால் இரண்டு இரும்புக் கைகள், நுனியில் பக்கெட். 'லோடர் மெதுவாத் தூக்குது' என்று வண்டிக்காரர் சொன்னதால் மெக்கானிக் வந்திருந்தார். ஆயில் லைனில் ஒரு பிரஷர் கேஜை மாட்டிவிட்டு, லிவரைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முள் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது.

"பம்பு போயிருச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"வேலை குடுத்தாத்தானே தம்பி முள்ளு ஏறும்?"

லிவரை இழுத்தார். வெறும் பக்கெட் எழுந்தது, முள் 40 பாருக்கு வந்தது. எருக்குழியில் இறக்கி வழிய வழிய அள்ளித் தூக்கியபோது 110. பிறகு குழியோரத்தில் புதைந்து கிடந்த வேப்பங்கட்டையின் அடியில் பக்கெட்டின் பல்லைக் கொடுத்து நெம்பினார். கட்டை அசையவில்லை. முள் 180-க்கு ஏறி அங்கேயே நின்றது. வண்டிக்குள் எங்கோ கீச்சென்று ஓர் ஓலம். இத்தனைக்கும் ஆக்சிலேட்டரில் அவர் கை வைக்கவே இல்லை. அதே எஞ்சின் வேகம், அதே பம்ப், அதே ஆயில்.

அந்த முள் எனக்குள் பல வருடமாக இருந்த ஒரு தப்பான எண்ணத்தை உடைத்தது. பம்ப்தான் அழுத்தத்தைத் தயாரித்துக் குழாய் வழியே அனுப்புகிறது என்றுதான் நினைத்திருந்தேன். பம்புக்குத் தெரிந்தது ஆயிலைத் தள்ளுவது மட்டும்தான். டிராக்டர்களில் பெரும்பாலும் இருப்பது கியர் பம்ப்: ஓர் உலோகக் கூட்டுக்குள் பல்லோடு பல் கோத்துச் சுற்றும் இரண்டு சக்கரங்கள். ஆயில் அவற்றின் நடுவே போகாது. பல் இடுக்குகளில் ஏறி உட்கார்ந்து, கூட்டின் சுவரை ஒட்டி வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகும். நடுவில் பற்கள் கோத்துக்கொள்வதால் திரும்பி வர வழி கிடையாது. ஒரு சுற்றுக்கு 16 மில்லி, அதாவது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1,900 சுற்று சுற்றினால் சுமார் 30 லிட்டர்.

போகிற வழி திறந்திருந்தால் அந்த 30 லிட்டரும் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொட்டிக்கே திரும்பிவிடும். எதிரே யாராவது மறித்தால்தான் அழுத்தம் பிறக்கும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு இது தெரியும். ட்யூபில் மாட்டாமல் பம்பை அடித்தால் கைக்கு ஒன்றுமே தெரியாது. டயர் இறுக இறுகத் தோள் வலிக்கும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் அல்ல, எரு.

கட்டையோடு மல்லுக்கட்டியபோது கேட்ட ஓலம் ரிலீஃப் வால்வினுடையது. ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் சின்னக் கதவு அது. 180 பாரில் திறந்துகொண்டு ஆயிலைத் தொட்டிக்கே அனுப்பிவிடும். அது இல்லையென்றால் பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும், ஓஸோ இரும்போ ஏதாவது ஒன்று கிழியும். ஆனால் கட்டை நகராதபோது எஞ்சின் போட்ட உழைப்பு முழுக்க அந்தக் கதவிடுக்கில் வெப்பமாகிறது. 180 பாரில் 30 லிட்டர் என்றால் 9 கிலோவாட், சுமார் 12 குதிரைத்திறன். லிவரை விடாமல் இழுத்துப் பிடிப்பவர்கள் நான்கைந்து அடுப்புகளைச் சேர்த்து மூட்டி ஆயிலைக் காய்ச்சுகிறார்கள்.

அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கலின் விளக்கம், அவர் இறந்த மறு வருடம், 1663-ல் அச்சேறியது. அதை வேலை செய்யும் இயந்திரமாக்கி ஜோசஃப் பிராமா லண்டனில் காப்புரிமை வாங்கியது 1795-ல். நடுவில் 130 வருடத்துக்கு மேல். தத்துவம் தெரிந்தும் காரியம் நடக்காததற்கு ஒரு பெரிய காரணம் கசிவு. அழுத்தம் ஏறினால் தண்டைச் சுற்றி ஒழுகும். ஒழுகாமல் இறுக்கினால் தண்டு நகராது. பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் ஒரு தோல் கிண்ணம் அதைத் தீர்த்தது. அழுத்தம் ஏற ஏற கிண்ணத்தின் விளிம்பு விரிந்து தானாகவே இறுகும், அழுத்தம் இறங்கினால் தளரும். இன்று தோலுக்குப் பதில் பாலியூரித்தேன். நாம் கடையில் 'ஆயில் சீல்' என்று கேட்டு வாங்கும் அந்தச் சில்லறைச் சாமான்தான் மொத்த விஷயத்தையும் தாங்கி நிற்கிறது என்பது என் கட்சி.

டிராக்டருக்குள் பம்ப் வந்தது கலப்பைக்காக. ஹாரி ஃபெர்குசன் 1930-களில் பின்பக்கக் கலப்பையை ஹைட்ராலிக்கில் தூக்கிக் காட்டினார். பின்னால் தூக்கும் ஆயிலை முன்னாலும் கொண்டுபோகலாமே என்று நினைத்தவர்களில் ஒருவர், 1945-ல் இங்கிலாந்தின் யூட்டாக்ஸிட்டரில் ஒரு சின்னக் கொட்டகையில் பழைய போர்க்கால இரும்பைக் கொண்டு டிப்பர் டிரெய்லர் செய்து தொழில் தொடங்கிய ஜோசஃப் சிரில் பாம்ஃபோர்ட். 1949-ல் ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரின் மூக்கில் மாட்டும் லோடரை விற்றார். 1953-ல் பின்னாலும் ஒரு தோண்டும் கையைச் சேர்த்தார். எந்தக் கம்பெனி வண்டி மண் தோண்டினாலும் நாம் கூப்பிடும் பெயர் அவருடைய மூன்று முன்னெழுத்துகள்: ஜேசிபி.

சரி, அந்த மேசைக்கரண்டிகள் எப்படி இவ்வளவு எருவைத் தூக்குகின்றன? 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டரின் பிஸ்டன் நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். 180 பாரில் அது சுமார் 3,600 கிலோவைத் தள்ளும். இருபுறமும் இரண்டு சிலிண்டர் சேர்ந்தால் 7 டன்னுக்கு மேல். ஆனால் பக்கெட்டால் ஒரு டன்னைத் தூக்கினாலே பெரிது. சிலிண்டர் கையின் அடிப்பக்கத்தில் பிடித்திருக்கிறது, சுமையோ நுனியில் தொங்குகிறது. பலத்தைக் கொடுத்து உயரத்தை வாங்குகிறோம். கிணற்றுத் துலாவுக்கும் இதே கணக்குதான்.

பலம் அழுத்தத்தைப் பொறுத்தது, வேகம் ஆயிலின் அளவைப் பொறுத்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி மெக்கானிக் ஆகிவிடலாம். நம் மெக்கானிக் செய்ததும் அதைத்தான். "180 ஏறுது. தூக்குற சத்து இருக்கு. ஆயிலுதான் பத்தல" என்று சொல்லி, பம்புக்கு ஆயில் போகும் வழியிலிருந்த ஃபில்டரைக் கழற்றினார். வலை தெரியாதபடி வண்டல். அதற்குள் மஞ்சளாக ஒரு துண்டு டெஃப்லான் டேப், யாரோ பைப் ஃபிட்டிங்கில் தாராளமாகச் சுற்றியது. கழுவி மாட்டியதும் பக்கெட் சுறுசுறுப்பானது. புது பம்புக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த வண்டிக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மறுவாரம் அவர் பக்கெட்டுக்கு மேல் ஒரு கிராப் மாட்டினார். முள் கிளைகளையும் கரும்புச் சோகையையும் கவ்விப் பிடிக்கும் இரும்பு விரல்கள். லோடரின் வால்வில் இருப்பது இரண்டு வேலைகள்தான், கையைத் தூக்கி இறக்குவது, பக்கெட்டை மடக்கிக் கவிழ்ப்பது. கவ்வுவது மூன்றாவது வேலை. அதற்கு இன்னொரு பம்ப் வைக்கவில்லை. பக்கெட்டைக் கவிழ்க்கும் லைனில் ஒரு மின்சார வால்வு, லிவரின் தலையில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் அதே ஆயில் தடம் மாறி விரல்களுக்குப் போகும், விட்டால் பக்கெட்டுக்கு. ரயில் பாதையில் தண்டவாளம் மாற்றுவது மாதிரி. ஒரே நேரத்தில் இரண்டும் நடக்காது, அது பழகிவிடும். தூக்குவதையும் கவிழ்ப்பதையும் ஒன்றாகக் கேட்டாலும், பல வால்வுகளில் எது இலேசோ அதுதான் முதலில் நகரும். ஆயிலுக்குக் கடினமான வழி பிடிக்காது.

பெருக்கும் பிரஷ், குழி தோண்டும் ஆகர் போன்று சுற்றும் கருவிகளின் பாடு வேறு. அவற்றுக்குள் இருக்கும் ஹைட்ராலிக் மோட்டார் ஏறக்குறைய தலைகீழாக வேலை செய்யும் பம்ப்தான்: ஆயிலைத் தள்ளாமல், ஆயிலால் சுற்றப்படுகிறது. பக்கெட்டுக்கு 4 விநாடி ஆயில் போதும். பிரஷ் காலை முதல் மாலை வரை கேட்கும். அப்போதுதான் டிராக்டரின் ஆயில் தொட்டி எவ்வளவு சிறியது என்பது சூட்டில் தெரியும்.

கிராப் மாட்டிய நான்காம் நாள் அதைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு, மறுபடி மாட்டப் போனபோது ஓஸின் கப்ளர் உள்ளே போகவில்லை. சுத்தியல் எடுக்கும் அளவுக்குக் கோபம். மெக்கானிக் போனிலேயே சிரித்தார். கழற்றியதும் கப்ளரின் வால்வு மூடிக்கொள்ளும், உள்ளே ஆயில் அடைபடும். வெயிலில் ஆயில் விரிய இடமில்லை. விறைப்பான இரும்புக்குள் அடைபட்டிருந்தால் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 10 பார் ஏறும். ரப்பர் ஓஸ் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் அவ்வளவு ஏறாது, என்றாலும் 100 பார் வந்தால் போதும். விரல் நுனி அளவுள்ள அந்த வால்வைத் திறக்க 100 கிலோ எடையால் அழுத்த வேண்டும். கையால் யார் முடிப்பது?

"முகத்தத் தள்ளி வச்சுக்கிட்டு, நட்டு மேல சாக்கப் போட்டு, கால் சுத்து மட்டும் தளத்துங்க. கைய வெச்சு மட்டும் தடவிப் பாக்காதீங்க" என்றார் மெக்கானிக். ஊசி முனை ஓட்டையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வலி பெரிதாகத் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. வண்டிக்காரர் சொன்னபடி செய்தார். சாக்கில் ஈரம் படர்ந்தது. மொத்தம் நாலைந்து சொட்டு இருக்கும். இறுக்கிவிட்டுக் கப்ளரைத் தள்ளினார், 'டக்' என்று உட்கார்ந்தது. சாக்கைப் பிரித்து அந்தச் சொட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கிராபைப் புளியமரத்தடியில் இறக்கி நிறுத்தியிருந்தார்.