சுவரில் கீறிய இரும்புக் கணக்கு

ஆஸ்திரியாவின் தென்பகுதியில், கிளாகன்ஃபுர்ட் நகருக்கு வடகிழக்கே மாக்டலென்ஸ்பெர்க் என்ற மலை இருக்கிறது. உயரம் 1,059 மீட்டர். உச்சியில் ஒரு பழைய தேவாலயம்; அதற்குக் கீழே தென்சரிவில், அடுக்கடுக்காக வெட்டிய தளங்களில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வணிக நகரத்தின் சுவர்கள் வெயிலில் நிற்கின்றன.

1502-ல் இங்கே உழுதுகொண்டிருந்த ஒரு விவசாயியின் கலப்பையில் ஆளுயர வெண்கலச் சிலை ஒன்று தட்டுப்பட்டது. ஆடையில்லாத இளைஞன் ஒருவனின் அழகான உருவம். பின்னாளில் அது வியன்னா அருங்காட்சியகத்தில் பெருமையோடு நின்றது. 1980-களில் உலோகத்தை ஆராய்ந்தபோதுதான், அது 16-ஆம் நூற்றாண்டில் வார்த்த நகல் என்று தெரிந்தது. அசல் ஸ்பெயினுக்குப் போய், அங்கே காணாமல் போய்விட்டது.

முறையான அகழாய்வு 1948-ல்தான் தொடங்கியது. கடைகள், கிடங்குகள், பட்டறைகள், குளியல் கூடம், கோயில் என்று வரிசையாக வெளிவந்தன. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய புதையல், வணிகர்களின் நிலவறைச் சுவரில் இருந்த கிறுக்கல்கள்தான். சுண்ணாம்புப் பூச்சின் மேல் கூரான ஏதோ ஒன்றால் லத்தீன் எழுத்துகளை அவசரமாகக் கீறியிருக்கிறார்கள். யார் வாங்கினார், எந்த ஊர்க்காரர், என்ன சரக்கு, எத்தனை உருப்படி: அவ்வளவுதான் செய்தி. வளையம், கொக்கி, கோடரி, பட்டடைக்கல் என்று எல்லாம் உலோகச் சாமான்கள், சில நூற்றுக்கணக்கில். வாங்கியவர்களின் ஊர்களில் அட்ரியாட்டிக் கரையோர அக்விலேயா இருக்கிறது, ரோம் இருக்கிறது, இன்றைய மொராக்கோவில் உள்ள வோலுபிலிஸும் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் அடித்த இரும்பு ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது! மண் மூடிக் காத்ததால் அந்தப் பற்றுவரவு நமக்குக் கிடைத்தது.

அப்படித் தேடி வந்து வாங்க அந்த இரும்பில் என்ன இருந்தது? இந்தப் பகுதிக்கு அன்று நோரிக்கம் என்று பெயர். நோரிக்க இரும்பின் உறுதியை ஹோரேஸ், ஓவிட் போன்ற ரோமானியக் கவிஞர்களே எடுத்தாண்டிருக்கிறார்கள். காரணம் அருகிலுள்ள ஹூட்டன்பெர்க் கனிமம். அதில் மாங்கனீசு அதிகம், பாஸ்பரஸ் குறைவு. அன்றைய கரி உலையில் வெப்பம் 1,200, 1,300 டிகிரியைத் தாண்டுவது அரிது. இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். ஆகவே இரும்பு உருகி ஓடாமல், கசடோடு கலந்த கட்டியாகவே திரளும். கசடில் இரும்பு ஆக்சைடு நிறைந்திருந்தால், உலோகம் கரியிலிருந்து ஏற்ற கார்பனை அது திரும்பப் பறித்துவிடும்; மிஞ்சுவது மெல்லிரும்பு. மாங்கனீசு இருந்தால் அதன் ஆக்சைடே கசடில் இடம் பிடித்துக்கொள்கிறது. கார்பன் உலோகத்திலேயே தங்குகிறது. உலையிலிருந்து நேராக எஃகு வருகிறது! பாஸ்பரஸ் குறைவு என்பதால் குளிர்ந்த பின் எளிதில் நொறுங்குவதும் இல்லை. வேதியியல் அறியாத கொல்லர்கள், கண்ணாலும் கையாலும் மட்டுமே கனிமத்தையும் தீயையும் பழகி இதைச் சாதித்தார்கள்.

பொன்னும் இங்கே வார்க்கப்பட்டது. பொற்கட்டி வார்க்கும் கல் அச்சு ஒன்றில் பேரரசர் கலிகுலாவின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அவர் ஆண்டது கி.பி. 37 முதல் 41 வரைதான். தேதி போடாத ஒரு கல், நான்காண்டு இடைவெளிக்குள் தன் காலத்தைச் சொல்லிவிடுகிறது.

அதன்பின் நகரம் நெடுநாள் நீடிக்கவில்லை. பேரரசர் கிளாடியஸ் காலத்தில் நோரிக்கம் ரோமானிய மாகாணமானது. கீழே சமவெளியில் விருனும் என்ற புதிய தலைநகர் எழுந்தது. வண்டி, பாதை, நீர், நிர்வாகம் எல்லாம் அங்கே. சரக்கை மலையேற்ற வேண்டிய தேவை தீர்ந்தது. முதல் நூற்றாண்டின் நடுவில் மக்கள் இறங்கிப் போனார்கள். பெரிய நகரம் எதுவும் அந்தச் சரிவில் பிறகு எழவில்லை. அதனால் அதன் இடிபாடுகள் தப்பின; பிற்காலக் கட்டடங்களுக்காக விருனும்தான் கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டது. பக்கத்து மரியா சால் தேவாலயத்தின் வெளிச்சுவரில் ரோமானியப் புடைப்புச் சிற்பங்கள் பதிந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். ஒன்றில் இரண்டு குதிரைகள் ஒரு பயண வண்டியை இழுத்துப் போகின்றன.