இருபது பழைய கணினிகள் வந்தால் என்ன செய்வது?

மதுரை வில்லாபுரம் போன்ற ஒரு பகுதியில் உள்ள மதரஸாவுக்கோ ஜமாஅத் நூலகத்துக்கோ, ஒரு நிறுவனம் தன்னிடம் உள்ள இருபது பழைய கணினிகளைக் கொடுக்க முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இதற்கான வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ நிறுவ, பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதனால் நன்றாக ஓடும் கணினிகளைக்கூட அலுவலகங்கள் கழித்துக்கட்டுகின்றன.

பொறியியல் கலந்தாய்வானாலும் கல்வி உதவித்தொகையானாலும் இன்று விண்ணப்பம் இணையவழிதான். ஒவ்வொரு முறையும் பிரவுசிங் சென்டருக்குக் காசு கொடுத்து அலையும் பிள்ளைகளுக்கு இந்த இருபது கணினிகளும் பெரிய உதவி. ஆனால் நம் மஹல்லாக்களில் வழக்கமாக நடப்பது என்ன? கணினி தெரிந்த ஒரு தம்பியை அழைத்து வருவோம். அவர் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, ஒன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் செலவழித்து, கையில் கிடைத்த விண்டோஸை ஏற்றித் தருவார். இருபதும் இருபது விதமாக இருக்கும். ஆறு மாதத்தில் பாதி வைரஸால் படுத்துவிடும். தம்பி வேலை தேடி வெளிநாடு போயிருப்பார். அறைக்குப் பூட்டு விழும்.

இங்கே குறை பணத்திலோ ஆர்வத்திலோ இல்லை. பல கணினிகளை ஒரே நேரத்தில் அமைப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஒன்றை மட்டும் பொறுமையாகத் தயார்ப்படுத்தி, அதையே மற்றவற்றுக்கு நகலெடுப்பதுதான் அந்த முறை.

முதலில், பிறருடைய அமானிதம்

வந்த கணினியின் ஹார்ட் டிஸ்கில் முந்தைய உரிமையாளரின் கணக்கு வழக்கு, ஊழியர்களின் ஆதார் நகல், யாரோ ஒருவரின் குடும்பப் படங்கள் என்று எதுவும் இருக்கலாம். திறந்து பார்ப்பது நமக்கு ஆகாது. அதை அழித்துவிடுவது நம் பொறுப்பு. ‘ஃபார்மேட்’ செய்தால் எல்லாம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். விரைவு ஃபார்மேட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது. பக்கங்கள் உள்ளே அப்படியே இருக்கும். மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதன் எல்லாப் பகுதியிலும் ஒருமுறை வெற்றுத் தரவை எழுத வேண்டும். 500 ஜி.பி. டிஸ்குக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். எஸ்.எஸ்.டி. என்றால் அதற்குள்ளேயே உள்ள ‘செக்யூர் இரேஸ்’ கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். நம் வீட்டுப் பழைய கணினியை விற்கும்போதும் இதே கவனம் தேவை.

பிரித்துப் பார்த்தல்

அடுத்து ஒவ்வொரு கணினியையும் திறந்து தூசி தட்டுங்கள். மதுரை வெயிலில் தூசி அடைத்த மின்விசிறிதான் கணினிக்கு முதல் எதிரி. மதர்போர்டில் உப்பிய கெபாசிட்டர் தெரிந்தால் அதை உதிரி பாகத்துக்கு ஒதுக்கிவிடலாம். தேதி தவறாகக் காட்டினால், பெரும்பாலும் சி.ஆர்.2032 என்ற பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றாவிட்டால் வங்கி, அரசு இணையதளங்கள் ‘பாதுகாப்பற்ற தளம்’ என்று எச்சரித்துத் திறக்க மறுக்கும். சிறிய பேட்டரிதான், இது தெரியாமல் இணைய இணைப்பைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

இருபதில் பதினைந்து தேறினால் நல்லது. மீதி ஐந்தின் ராம், பவர் சப்ளை ஆகியவை பதினைந்துக்கும் வைத்தியம் பார்க்க உதவும். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டுச் சிறிய எஸ்.எஸ்.டி. போட்டால் வேகத்தில் பெரிய மாற்றம் தெரியும். செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் இதற்கே முன்னுரிமை கொடுங்கள். பதினைந்து மேசைக் கணினிகள் சேர்ந்து இரண்டு கிலோவாட் வரை மின்சாரம் இழுக்கலாம். எனவே எலக்ட்ரீஷியனை வைத்து வயரிங்கையும் எர்த்தையும் சோதித்த பிறகே இணைக்க வேண்டும்.

எந்த இயங்குதளம்?

திருட்டு நகல் வேண்டாம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, உரிமமற்ற மென்பொருளை அறிந்தே பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் படைப்பாளர், கண்டுபிடிப்பாளரின் உரிமைகள் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. மார்க்கம் கற்பிக்கும் இடத்தில் மாணவர் தொடும் கணினியே பிறர் உரிமையை மீறியதாக இருந்தால், அது அவர்களுக்கு என்ன பாடத்தைச் சொல்லும்?

இதற்கு எளிய மாற்று லினக்ஸ். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம். எத்தனை கணினிக்கு வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு 4 ஜி.பி. ராமில் சிரமமின்றி ஓடும். இது யாரும் போகாத பாதையும் இல்லை. கேரளாவின் ‘கைட்’ அமைப்பு உபுண்டுவைத் தங்கள் பாடத்திட்டத்துக்கேற்ப மாற்றி, ஒரே தொகுப்பாக்கி, அந்த மாநிலப் பள்ளிகளில் உள்ள லட்சக்கணக்கான கணினிகளில் பயன்படுத்துகிறது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் விண்டோஸோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் அதை ஏற்கெனவே பார்த்தவர்கள்தான்.

ஒரு முன்மாதிரி

இருப்பதில் நல்ல கணினி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் இயங்குதளத்தை நிறுவி, எல்லா அப்டேட்களையும் முடியுங்கள். பிறகு நம் தேவைகளைச் சேருங்கள்: தமிழ்99 விசைப்பலகை, அரபி விசைப்பலகை, ‘அமீரி’ அரபி எழுத்துரு, கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ், சிறுவர்களுக்கு ஜிகாம்ப்ரி. இணையம் வராத நேரத்துக்கு ‘கிவிக்ஸ்’ மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை முழுமையாக இறக்கி வைக்கலாம்.

மாணவருக்குத் தனிக் கணக்கு இருக்க வேண்டும். அதற்கு நிர்வாகி அதிகாரம் இருக்கக் கூடாது. ஆபாசத் தளங்களைப் பற்றிய பெற்றோரின் கவலைக்கு, ரௌட்டரில் டி.என்.எஸ். முகவரியை 1.1.1.3 என்று மாற்றுவது ஒரு தொடக்கம். அந்தச் சேவை இலவசம். பெரும்பாலான ஆபாச, தீங்கான தளங்களைத் தடுத்துவிடும். ஆனாலும் அறையில் ஒரு பெரியவர் இருப்பதற்கு அது ஈடாகாது.

இந்த ஒரு கணினிக்கு இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. இங்கே விடும் பிழை இருபதிலும் பிழையாகும்.

நகலெடுத்தல்

தைவானின் தேசியக் கணினி மையம் ஒன்றில் உருவான ‘குளோன்சில்லா’ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, முன்மாதிரிக் கணினியை அதிலிருந்து இயக்கினால், முழு டிஸ்கையும் ஒரே ‘இமேஜ்’ தொகுப்பாக வெளி ஹார்ட் டிஸ்கில் சேமித்துக் கொள்ளும். அந்தத் தொகுப்பை மற்றக் கணினிகளில் இறக்க வேண்டியதுதான். இறக்கப்படும் டிஸ்க், மூல டிஸ்கின் அளவாவது இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

ஸ்விட்ச், கேபிள் இருந்தால் எல்லாக் கணினிகளையும் இணைத்து ஒரே நேரத்தில் அனுப்பலாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு ஒருமுறைதான் சொல்லப்படுகிறது. தெரு முழுக்கக் கேட்கிறது. அதுபோலத் தொகுப்பு ஒருமுறை அனுப்பப்படும், இருபதும் பெற்றுக்கொள்ளும். 20 ஜி.பி. தொகுப்பு 100 எம்.பி.பி.எஸ். ஸ்விட்சில் சுமார் அரை மணி நேரம் எடுக்கும். கிகாபிட் ஸ்விட்ச் என்றால் சில நிமிடங்கள்தான். டிஸ்க் எழுதும் வேகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும்.

முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். எல்லாம் நகல்கள் என்பதால் பெயரும் உள் அடையாள எண்ணும் ஒன்றாகவே இருக்கும். நெட்வொர்க்கில் ஒன்றோடொன்று மோதலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்து, அடையாள எண்ணைப் புதுப்பித்து, அதே பெயரை வெளியிலும் ஒட்டிவிடுங்கள்.

விழும் நாளுக்காக

2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்ற நாசகார மென்பொருள் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அது நடத்திய முனையமும் முடங்கியது. பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவியதாக அதன் தலைவர் பின்னர் சொன்னார். மீட்பின் நடுவே ஒரு திகைப்பு ஏற்பட்டது. பயனர் கணக்குகளைக் காக்கும் முக்கிய சர்வர்கள் உலகெங்கும் அழிந்திருந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் தாக்குதல் நேரத்தில் மின்சாரம் இல்லாததால் ஒரே ஒரு சர்வர் தப்பியிருந்தது. அந்த ஒரு பிரதியிலிருந்தே மீண்டார்கள்.

நாம் மின்வெட்டை நம்பியிருக்க வேண்டாம். இமேஜ் தொகுப்பை இரண்டு வெளி டிஸ்குகளில் வைத்து, ஒன்றை மதரஸாவிலும் மற்றொன்றை நிர்வாகி ஒருவர் வீட்டிலும், எந்தக் கணினியிலும் செருகாமல் வையுங்கள். செய்த முறையைத் தமிழில் நான்கு பக்கம் எழுதி, கடவுச்சொற்களை மூடிய உறையில் ஜமாஅத் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். குறைந்தது இரண்டு பேர், அதில் ஒரு சகோதரியும் இருந்தால் நல்லது, இதைச் செய்து பழகியிருக்க வேண்டும். அப்போது ஒரு கணினி பழுதானால் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். தம்பி வெளிநாடு போனாலும் அறைக்குப் பூட்டு விழாது.

தேறாத பாகங்களைக் குப்பையில் போடவோ எரிக்கவோ வேண்டாம். அவற்றில் ஈயம் போன்ற நச்சுகள் உண்டு. பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமே கொடுக்க வேண்டும்.

வீண்விரயம் கூடாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் கழித்துப்போட்ட கணினியில் ஒரு பிள்ளை கற்கும் பயனுள்ள கல்வி, கொடுத்தவருக்கும் உழைத்தவருக்கும் ஸதகத்துல் ஜாரியாவாக அமையட்டும். அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக!